அப்பக்கம் சென்றால் குறி மாறுவதேன்?

மாலை விளக்கேற்றிய பின்னர் வீட்டு விறாந்தையில் நடைபெறும் கணிதப் பாடத்தை அறியாத குடும்பம் நம்மவரிடையே அரிது. ஏழாந் தரத்திலோ எட்டாந் தரத்திலோ பயிலும் பிள்ளை கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு விழிக்கின்றது. மூன்று எக்ஸ் சக ஐந்து சமன் இருபது, எக்ஸ் எவ்வளவு? தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர்த் தாம் கற்றதை நினைவுகூர்ந்து, “ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோ, கொண்டுபோனால் குறி மாறும், சக சயவாகும்” என்கின்றார்.

“ஏன் அப்பா மாறும்?”

“மாறும் என்றால் மாறும். எழுது.”

பிள்ளை எழுதுகின்றது. விடை ஐந்து என்று வருகின்றது. புத்தகத்தின் பின்புறத்திலுள்ள விடையோடு ஒத்தும் போகின்றது. தந்தையாருக்கும் மகிழ்ச்சி. ஆனால், பதில் பெறாத அந்த ‘ஏன்’ அங்கேயே கிடக்கின்றது. மறுநாள் ‘மூன்று எக்ஸ் சமன் பன்னிரண்டு’ என்ற கணக்கு வருகின்றது. பிள்ளை இவ்வாறு சிந்திக்கின்றது: மூன்றை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோனால் குறி மாறும், மூன்றின் முன்னே குறி ஒன்றும் இல்லை, ஆகவே அது சக, அது சயவாகும், பன்னிரண்டிலிருந்து மூன்று போனால் ஒன்பது. விடை ஒன்பது!

கற்பித்த விதியை எழுத்துப் பிசகாமற் பின்பற்றியே பிள்ளை இப்பிழையைச் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குக் கிடைப்பதோ சிவப்பு மைக் கோடு. நேற்றுச் சரியாயிருந்த விதி இன்று எப்படிப் பிழைத்தது என்று அது வாய்விட்டுக் கேட்பதில்லை. இவ்வாறு நாலைந்து முறை நேர்ந்துவிட்டால், கணிதம் விளங்கிக்கொள்ளும் பொருளன்று, பெரியவர்கள் தத்தம் மனம்போல் மாற்றும் கட்டளைகளின் கோவை என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றது. “எனக்குக் கணக்கு வராது” என்ற சொல் பிறக்குமிடம் இதுவே. மேல்வகுப்பு மாணாக்கர் பலரிடம் நாம் வினவியதுண்டு. ஐந்தாந் தரம்வரை கணக்கிற் களிப்புற்றிருந்தவர்கள், எழுத்துகள் புகுந்த பின்னரே பின்வாங்கினர் என்பதே அவர்களிற் பெரும்பாலார் சொன்ன பதில். சாதாரண தரப் பரீட்சையிற் கணிதம் சித்தியெய்தாமையால் மேற்படிப்பின் வாயில்கள் பல அடைபட்டு நிற்கும் இளைஞரை நம் ஊர்கள் எல்லாவற்றிலும் காணலாம். அவர்களிற் சிலர் வழி தவறியது ‘குறி மாறும்’ என்ற இரண்டு சொற்களிலேதான் என்றால், வெளியிலிருப்போருக்கு அது மிகையாகத் தோன்றலாம். வகுப்பறையில் நிற்போர்க்கு அது மிகையன்று.

ஆகவே அந்த ‘ஏன்’ என்ற வினாவை ஒருமுறை பொறுமையாக ஆராய்வோம். கணிதப் பயிற்சியில்லாத தாய் தந்தையரும் இதைப் பின்தொடரலாம். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் பிரித்தலும் அறிந்திருந்தாற் போதும்.

முதலிற் பார்க்க வேண்டியது எக்ஸ் என்ற எழுத்தை அன்று, சமன் குறியை. இக்குறியின் பொருளைப் பிள்ளை அறியுமா என்று சோதிப்பதற்கு இன்று இரவே ஒரு தாளில் இவ்வாறு எழுதிக் கொடுத்துப் பாருங்கள்: 8 + 4 = ☐ + 5. பெட்டிக்குள் என்ன வரும்? பிள்ளைகள் பலர் தயங்காமல் 12 என்று எழுதுவர். சிலர் இருக்கின்ற எண்களையெல்லாங் கூட்டி 17 என்பர். சரியான விடை 7. பன்னிரண்டு என்று எழுதிய பிள்ளைக்குக் கூட்டத் தெரியாது என்று கொள்ளுதல் தவறு. முதலாந் தரந்தொட்டு அது கண்டதெல்லாம் ‘8 + 4 =’ என்ற வடிவமே. ஆதலால் ‘=’ என்பதை ‘இனி விடையை எழுது’ என்னும் ஏவலாகவே அது கொண்டுவிட்டது. கணிப்பானில் அப்பொத்தானை அமுக்கியதும் விடை தோன்றுவதும் இவ்வெண்ணத்தை உறுதியாக்குகின்றது. பெரியவர்களும் குறைந்தவர்களல்லர். கடைக்கணக்குப் பார்க்கும்போது 5 + 3 = 8 × 2 = 16 − 4 = 12 என்று ஒரே மூச்சில் எழுதிச் செல்வோரை நாம் அடிக்கடி காண்கின்றோம். அவ்வரியை உள்ளவாறு படித்தால், எட்டும் பதினாறும் பன்னிரண்டும் சமன் என்றன்றோ ஆகின்றது!

இக்குறியை முதன்முதல் அச்சில் வழங்கியவர் வேல்ஸ் நாட்டிற் பிறந்த றொபேட் றெக்கோட் என்னும் வைத்தியர். அறிவைத் தீட்டும் சாணைக்கல் என்று பொருள்படும் பெயரோடு 1557ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலிலே இது காணப்படுகின்றது. ‘இதற்கு இது சமன்’ என்று மீண்டும் மீண்டும் எழுதுவதைத் தவிர்க்க விரும்பிய அவர், ஒரே நீளமுள்ள இரு சமாந்தரக் கோடுகளைத் தெரிந்தெடுத்தார். அவற்றிலும் மிகச் சமனான இரண்டு பொருள்கள் இருத்தல் இயலாது என்பது அவர் கூறிய காரணம். இக்கோடுகளை அவர் இன்று நாம் எழுதுவதிலும் நீளமாகவே வரைந்தார். பாவம், அடுத்த ஆண்டிலேயே அவர் சிறையில் உயிர் நீத்தார். அவர் கருதிய பொருள் தெளிவானது: இப்பக்கத்திலுள்ளதும் அப்பக்கத்திலுள்ளதும் ஒரே அளவினவாம். அது செய்தியேயன்றி ஏவலன்று.

இனி அந்த எக்ஸ். அறியாத அளவுகளுக்கு அகரவரிசையின் கடைசி எழுத்துகளை வழங்கும் வழக்கம் பிரான்சு நாட்டுப் பேரறிஞர் டேக்கார்ட் 1637ஆம் ஆண்டில் வெளியிட்ட கேத்திரகணித நூலினால் நிலைபெற்றது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கி.பி. 628ஆம் ஆண்டில், பிரமகுப்தர் அறியாத அளவைக் கொண்டு கணிக்கும் விதிகளைத் தம் சித்தாந்த நூலிலே வகுத்துவிட்டார். பாரத நாட்டுக் கணிதர் இவ்வளவுக்கு வழங்கிய பெயர் ‘யாவத் தாவத்’ என்பது; எவ்வளவோ அவ்வளவு என்பது அதன் பொருள். அதனைச் சுருக்கி ‘யா’ என்று எழுதினர். வடமொழியிற் பிறந்த சுருக்கமேயாயினும் தமிழ்ச் செவிக்கு இது அயலாக ஒலிப்பதில்லை. யாது, யாவை என்று நாம் வினவுவதும் அவ்வெழுத்தாலன்றோ! இக்கட்டுரையில் எக்ஸ் என்பதை விடுத்து ‘யா’ என்றே வழங்குவோம். 3யா என்பது யாவின் மூன்று மடங்கு. நடுவே பெருக்கற் குறி மறைந்து நிற்கின்றது. இம்மறைந்த குறியைச் சொல்லிக் கொடாமையே, மேலே கண்ட பிள்ளை மூன்றைக் ‘கழித்து’ ஒன்பது என்று எழுதியதற்குப் பாதிக் காரணம்.

இப்பொழுது தராசுக்கு வருவோம். கடைகளில் இன்று மின்தராசு வந்துவிட்டமையால், இரட்டைத் தட்டுத் தராசு சமநிலையில் நிற்பதைக் கண்டறியாத பிள்ளைகளும் உளர். அடிமட்டம் ஒன்றை நடுவிலே கயிற்றிற் கட்டித் தொங்கவிட்டு, இரு முனைகளிலும் இரு சிரட்டைகளைத் தூக்கிவிட்டால் வீட்டிலேயே தராசு ஆயத்தம்.

பெரிய தராசொன்றை மனத்திற் கொள்க. ஒரே நிறையுள்ள பனங்கட்டிக் குட்டான்கள் சில நம்மிடம் உள்ளன. ஒரு குட்டானின் நிறை தெரியாது, அதுவே யா. இடத் தட்டில் மூன்று குட்டான்களும் 200 கிராம் படியும். வலத் தட்டில் ஒரு குட்டானும் 600 கிராம் படிகளும். தராசு சமனாக நிற்கின்றது. கடதாசியில் இதனை எழுதினால்,

3யா + 200 = யா + 600.

ஒரு குட்டானின் நிறையை எவ்வாறு அறிவது? எழுதவும் அறியாத சிறு பிள்ளையிடம் தராசைக் காட்டி இதனைக் கேட்டுப் பாருங்கள். இரு பக்கத்திலும் குட்டான் இருக்கின்றது. ஒவ்வொன்றை எடுத்துவிட்டாலுந் தராசு அசையாது என்று கண்டுகொள்ளும். எடுத்தாயிற்று. இடப்பக்கம் இரண்டு குட்டான்களும் 200 கிராமும். வலப்பக்கம் 600 கிராம் மாத்திரம். இனி இரு பக்கத்திலிருந்தும் 200 கிராம் எடுத்துவிடலாம். இரண்டு குட்டான் 400 கிராம். பாதியாக்கினால், ஒரு குட்டான் 200 கிராம். முடிந்தது கணக்கு. இதில் எதனையேனும் ‘அந்தப் பக்கம்’ கொண்டுசென்றோமா? இல்லை. எக்குறியும் தானாக மாறியதா? அதுவும் இல்லை. இரு தட்டுகளுக்கும் ஒரே செயலைச் செய்தோம், சமநிலை கெடவில்லை. அவ்வளவே.

இக்கண்ணோடு தந்தையாரின் கணக்கைத் திரும்பப் பார்ப்போம். 3யா + 5 = 20. யாவைத் தனிமைப்படுத்த வேண்டும்; ஐந்து இடையூறாக நிற்கின்றது. இரு பக்கத்திலும் ஐந்தைக் கழிக்கின்றோம். முழுவதும் எழுதினால், 3யா + 5 − 5 = 20 − 5. இடப்பக்கத்தில் ஐந்தும் ஐந்தும் அற்றுப்போகின்றன. எஞ்சுவது 3யா = 20 − 5. இடையிலுள்ள வரியை எழுதாது முதல் வரியையும் கடைசி வரியையும் மாத்திரம் பார்ப்பவனுக்கு, இடப்பக்கத்திலிருந்த சக ஐந்து மறைந்து வலப்பக்கத்திற் சய ஐந்தாகத் தோன்றியது போலிருக்கும். ‘குறி மாறும்’ என்ற விதியின் பிறப்பு இதுவே. அது விதியன்று; எழுதாமல் விட்ட வரியின் நிழல்.

அடுத்து 3யா = 15. இங்கே மூன்று யாவோடு கூட்டப்பட்டு நிற்கவில்லை. யாவைப் பெருக்கி நிற்கின்றது. பெருக்கலை நீக்குவது பிரித்தல். இரு பக்கத்தையும் மூன்றாற் பிரித்தால் யா = 5. கூட்டியதைக் கழித்து நீக்குக, கழித்ததைக் கூட்டி நீக்குக, பெருக்கியதைப் பிரித்து நீக்குக, பிரித்ததைப் பெருக்கி நீக்குக. எதைச் செய்தாலும் இரு பக்கமுஞ் செய்க. சப்பாத்தும் காலுறையும் அணிந்தவன் முதலிற் சப்பாத்தைக் கழற்றிய பின்னரே காலுறையைக் கழற்ற முடியும். 3யா + 5 என்பதில் யாவை முதலில் மூன்றாற் பெருக்கிப் பின்னர் ஐந்தைக் கூட்டியிருக்கின்றோம். ஆகையால், கழற்றும்பொழுது ஐந்து முதலிற் போதலே எளிது. மூன்றாற் பிரிப்பதை முதலிற் செய்தாலும் குற்றமில்லை. ஆனால் ஐந்தையும் மூன்றாற் பிரிக்க வேண்டிவரும். அதனை மறந்துவிடும் மாணாக்கரே பெரும்பாலார்.

மேலே குட்டான்களைக் கொண்டு செய்ததைக் குதிரைகளைக் கொண்டு செய்தவர், 1114ஆம் ஆண்டிற் பிறந்த பாஸ்கராசாரியர். அவருடைய பீஜகணிதத்தில் வருங் கணக்கொன்று நம் மாணாக்கர் யாவரும் செய்து பார்க்கத் தக்கது. ஒருவனிடம் 300 நாணயங்களும் ஆறு குதிரைகளும் உள்ளன. இன்னொருவனிடம் அதே விலையுள்ள பத்துக் குதிரைகள் உள்ளன. ஆனால் அவனுக்கு 100 நாணயக் கடன் உண்டு. இருவர் செல்வமும் சமன். ஒரு குதிரையின் விலை யாது? பாஸ்கரர் காலத்திலே சமன் குறி இல்லை. இரு பக்கத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினர்: மேல் வரியில் யா 6, ரூ 300, கீழ் வரியில் யா 10, ரூ 100. கடனாகிய அந்த நூறின் தலைமேல் ஒரு புள்ளி. அப்புள்ளியே அவர்களுடைய சயக் குறி. ‘ரூ’ என்பது அறிந்த எண்ணைக் குறிக்கும். இன்றைய முறையில்,

6யா + 300 = 10யா − 100.

இரு பக்கத்திலும் நூறு கூட்டுவோம். இரண்டாமவனின் கடன் தீர்ந்தது. முதலாமவனிடம் 400 ஆயிற்று. 6யா + 400 = 10யா. இருவரிடமிருந்தும் ஆறு குதிரைகளை விலக்குவோம். 400 = 4யா. குதிரை ஒன்று 100 நாணயம். சரிபார்த்தல் வேண்டுமா? முதலாமவன் 600உம் 300உம் சேர்த்து 900; இரண்டாமவன் 1,000இற் கடன் 100 போக 900. ‘சய நூறு அந்தப் பக்கம் போய்ச் சக நூறாயிற்று’ என்று மனனஞ் செய்யும் பிள்ளைக்கும், ‘கடன்காரனுக்கு நூறு கொடுத்தால் மற்றவனுக்கும் நூறு கொடுக்க வேண்டும்’ என்று காணும் பிள்ளைக்கும் உள்ள வேற்றுமை பெரிது. முன்னது பரீட்சை மண்டபத்தில் மறந்து போகும்.

இக்கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. 6யா என்பது ஆறு குதிரைகளைக் குறிப்பதன்று. ஒரு குதிரையின் விலையின் ஆறு மடங்கைக் குறிப்பது. எழுத்து எப்பொழுதும் ஓர் எண்ணுக்கு நிற்கின்றதேயன்றிப் பொருளுக்கு நிற்பதில்லை. இதனை மறந்தால் நேரும் விபரீதத்திற்கு ஒரு சோதனை: ‘ஒரு பாடசாலையில் ஆசிரியர் தொகையின் இருபது மடங்கு மாணாக்கர் உளர், மா என்பது மாணாக்கர் தொகை, ஆ என்பது ஆசிரியர் தொகை, சமன்பாட்டை எழுதுக.’ படித்தவர்களிலும் பலர் 20மா = ஆ என்றே எழுதுவர். மா என்பது மாணாக்கன் என்ற ஆளாக அவர்கள் மனத்தில் நிற்பதே காரணம். மாவுக்கு 400 என்ற எண்ணை இட்டுப் பார்த்தால் ஆசிரியர் 8,000 பேராகிவிடுவர்! ஆசிரியர் சங்கத்தார் வேண்டுமாயின் இதனை வரவேற்கலாம். மா = 20ஆ என்பதே சரி. ‘மா என்றால் மாம்பழம், தே என்றால் தேங்காய்’ என்று முதற் பாடத்திலே கற்பிக்கும் வழக்கத்தை நாம் விரும்பாமைக்கும் இதுவே காரணம்.

கணிதத்தின் இப்பகுதிக்கு மேனாட்டார் வழங்கும் அல்ஜிப்ரா என்னும் பெயரும் இவ்விரு பக்கச் செயலிலிருந்தே பிறந்தது. பாக்தாது நகரில் ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி, தம் நூலின் பெயரிலே இரண்டு செயல்களைக் குறிப்பிட்டார். ஒன்று ‘அல் ஜபர்’: ஒரு பக்கத்திற் குறைந்து நிற்பதை நிறைவாக்கி, அதேயளவை மறுபக்கத்திலுங் கூட்டுதல். மேலே கடன்காரனுக்கு நாம் செய்தது இதுவே. மற்றது ‘முகாபலா’: இரு பக்கத்திலும் உள்ள ஒத்த பொருள்களை எதிரெதிர் வைத்து நீக்குதல், ஆறு குதிரைகளை விலக்கியது அது. ‘ஜபர்’ என்ற சொல்லுக்கு முறிந்த எலும்பைப் பொருத்துதல் என்ற பொருளும் உண்டு. ஸ்பானிய மொழியில் முறிவு நெரிவு வைத்தியனை இச்சொல்லடியாற் பிறந்த பெயரால் வழங்கிய காலமும் இருந்தது. அல் குவாரிஸ்மி இந்நூலை எழுதியது பண்டிதர்களின் விநோதத்திற்காகவன்று. சொத்துப் பங்கீடு, வாணிகம், நிலம் அளத்தல் ஆகிய காரியங்களுக்கு உதவுவதே அவர் நோக்கம். நூலின் பெரும்பகுதி மரணசாசனங்களையும் முதுசொப் பங்கையும் பற்றியதே.

தமிழிலும் இக்கலை நேற்று வந்ததன்று. 1823 முதல் 1855 வரை நடைபெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணாக்கராயிருந்து அங்கேயே ஆசிரியராகவும் விளங்கிய கறோல் விசுவநாதபிள்ளை, 1855ஆம் ஆண்டிலேயே ‘வீசகணிதம்’ என்ற பெயரில் தமிழ் நூலொன்றை வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவருள் அவர் ஒருவர். மற்றவர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை. விஞ்ஞானமுங் கணிதமும் தமிழிற் சொல்ல முடியுமா என்று வாதிட்டுக் காலங்கழித்தோர்க்கு, அவ்வாதம் எழுமுன்னரே நம் ஊரில் விடை அச்சாகியிருந்தது.

குறி மாறும் விதியைக் காட்டிலும் மாணாக்கரை அச்சுறுத்துவது வசனக் கணக்கு. இதிற் கடினம் கணிதத்தில் இல்லை, வாசிப்பில் இருக்கின்றது. தந்தைக்கு இப்போது 40 வயது, மகனுக்கு 10. எத்தனை ஆண்டில் தந்தையின் வயது மகன் வயதின் இரு மடங்காகும்? யாது கேட்கப்பட்டதோ அதற்கே யா என்று பெயரிடுக. யா ஆண்டுகளின் பின் தந்தைக்கு 40 + யா. மகனுக்கு 10 + யா. ‘ஆகும்’ என்ற வினைச்சொல் நிற்குமிடத்திலே சமன் குறியை இடுக.

40 + யா = 2(10 + யா).

அடைப்பைத் திறக்கும்போது 20 + யா என்று எழுதிவிடும் பிள்ளைக்கு, இரு பைகள் ஒவ்வொன்றிலும் பத்து விளாம்பழமும் ஒரு குட்டானும் இருந்தால் மொத்தம் எத்தனை குட்டான் என்று கேட்டாற் போதும். 40 + யா = 20 + 2யா. இரு பக்கத்திலும் யாவை நீக்கி, இருபதையும் நீக்கினால், யா = 20. அறுபதும் முப்பதும், சரியே.

இதே தந்தையின் வயது எப்பொழுது மகன் வயதின் ஐந்து மடங்காகும் என்று கேட்டால்? 40 + யா = 50 + 5யா. யாவை நீக்கினால் 40 = 50 + 4யா; ஐம்பதை நீக்கினால் −10 = 4யா; யா = −2½. மாணாக்கர் இவ்விடத்திற் பேனாவைக் கீழே வைத்துவிடுவர். ஆண்டு எவ்வாறு மறை எண்ணாகும்? பாஸ்கரரின் புள்ளி கடனைக் குறித்தது போல, இங்கே சயக் குறி கடந்த காலத்தைக் குறிக்கின்றது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னர்த் தந்தைக்கு முப்பத்தேழரை, மகனுக்கு ஏழரை, ஐந்து மடங்குதான். கேள்வி ‘ஆகும்’ என்று எதிர்காலத்திற் கேட்டது. சமன்பாடோ ‘அது முன்னரே ஆயிற்று’ என்று திருத்திச் சொல்கின்றது. கணித வகுப்பிலே நமக்கு மிக விருப்பமான கணம் இது.

எழுத்தே வேண்டாம், ஊகித்து விடை காணலாம் என்று சொல்லும் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. அதன் பக்கத்தில் மிகப் பழைய சான்றோர் நிற்கின்றனர். எகிப்து நாட்டில் ஏறக்குறைய கி.மு. 1550ஆம் ஆண்டளவில் ஆமஸ் என்ற எழுத்தன் பிரதிசெய்த பப்பைரசுச் சுவடி, இன்று லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. அதன் 24ஆவது கணக்கு: ஒரு தொகையும் அதன் ஏழிலொன்றுஞ் சேர்ந்து 19, தொகை எவ்வளவு? ஆமஸ் முதலில் 7 என்று பாவனை செய்கின்றான். ஏழும் அதன் ஏழிலொன்றும் 8. வேண்டியது 19. எட்டை எத்தனையாற் பெருக்கினால் 19 வருமோ அதனால் ஏழையும் பெருக்குகின்றான். விடை 16 5/8. பாஸ்கரரும் தம் லீலாவதியில் இவ்விதமான பாவனை முறையைக் கற்பித்துள்ளார். நம் சந்தைக் கணக்கொன்றை இவ்வாறு செய்யலாம்: கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களிற் பாதியைக் காலையிலும், மொத்தத்தில் மூன்றிலொன்றைப் பிற்பகலிலும் விற்ற பின் ஏழு பழங்கள் மிஞ்சின, கொண்டுவந்தவை எத்தனை? ஆறு என்று கொள்க. மூன்றும் இரண்டும் போக மிச்சம் ஒன்று. மிச்சம் ஏழாக வேண்டுமாயின் 42. பென்சிலே தேவையில்லை!

ஆனால் இம்முறையைத் தந்தையாரின் கணக்கில் இட்டுப் பாருங்கள். 3யா + 5 என்பதில் யாவை 6 என்று கொண்டால் 23 வரும், வேண்டியது 20. ஆறை இருபதாற் பெருக்கி இருபத்துமூன்றாற் பிரித்தால் 5 வருகின்றதா? வராது. யாவோடு சேராது தனித்து நிற்கும் ஐந்து, யா இருமடங்கானாலும் மும்மடங்கானாலும் தான் மாறாது நின்று விகிதத்தைக் கெடுத்துவிடுகின்றது. தனித்து நிற்கும் எண்களையும் ஒழுங்காக அடக்கி ஆள்வதற்கே எழுத்தும், இரு பக்கச் செயலும் வேண்டியிருந்தன.

விடையைத் திரும்ப இட்டுப் பார்த்தலை நம் மாணாக்கர் தண்டனையாகக் கருதுகின்றனர். அட்சரகணிதத்தில் மாணாக்கனுக்குக் கிடைக்கும் சுதந்திரம் அதுவே என்பது எமது எண்ணம். வரலாற்றிலோ இலக்கணத்திலோ தான் எழுதியது சரியா என்று அறிய ஆசிரியரை அணுக வேண்டும். சமன்பாட்டிலே பிள்ளை தானே நீதிபதி. இன்று கைப்பேசியைச் சமன்பாட்டின்மேற் பிடித்தால் விடையும் படிகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடுகின்றன. அதனைத் தடுக்க முயல்வது வீண். தான் செய்து முடித்து, விடையைத் திரும்ப இட்டுப் பார்த்த பின்னர்க் கைப்பேசியையும் கேட்கட்டும். ஒத்து வராவிட்டால் யார் பிழைத்தார் என்று விசாரிக்கட்டும். தந்தையார்களும் இனிமேல் ‘அந்தப் பக்கம் கொண்டுபோ’ என்னுமிடத்தில் ‘இரண்டு பக்கமும் ஐந்தைக் கழி’ என்று சொல்லிப் பார்க்கலாம். அந்த நடு வரியைப் பிள்ளை ஒரு மாதம் எழுதட்டும். காரணம் கையில் ஊறிய பின்னர் அது தானே வரியைச் சுருக்கிக்கொள்ளும். கொப்பித் தாள் இரண்டொன்று கூடுதலாகச் செலவாகும்.

இவ்வாறு பழகிய பிள்ளைக்கும் சில சமன்பாடுகள் வியப்பளிக்கும். 2யா + 3 = 2யா + 7 என்பதில் இரு பக்கத்திலும் 2யாவை எடுத்தால் 3 = 7 என்று வருகின்றது. தான் எங்கோ தவறிவிட்டதாக எண்ணிப் பிள்ளை மூன்று முறை அழித்து எழுதும். தவறு ஒன்றுமில்லை. இரு தட்டிலும் இரண்டிரண்டு குட்டான். ஒரு தட்டில் மூன்று, மறு தட்டில் ஏழு. குட்டான் எந்நிறையதாயினும் தராசு சாய்ந்தே நிற்கும். அதனைச் சமனாக்கும் யா இல்லை என்பதே விடை. 2(யா + 3) = 2யா + 6 என்பதோ இதற்கு மறுதலை; யாவுக்கு எவ்வெண்ணை இட்டாலும் பொருந்தும்.

இன்னும் ஒன்று. 5யா = 3யா. கெட்டிக்காரப் பிள்ளை இரு பக்கத்தையும் யாவாற் பிரித்து 5 = 3 என்று எழுதி, இதற்கும் விடையில்லை என்று கூத்தாடும். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லி, இரு பக்கத்திலிருந்தும் 3யாவைக் கழிக்கச் சொல்லுங்கள். 2யா = 0; ஆகவே யா = 0. முன்னே யாவாற் பிரித்தபோது அது பூச்சியத்தாற் பிரித்துவிட்டது. இரு பக்கமும் ஒரே செயலைச் செய்யலாம் என்ற உரிமை பூச்சியத்தாற் பிரிப்பதற்கு மாத்திரம் இல்லை. நிறையே இல்லாத குட்டான்களை ஒரு தட்டில் ஐந்தும் மறு தட்டில் மூன்றும் வைத்தால், தராசு வெறுந் தட்டுகளோடு நிற்பது போலச் சமனாகத்தானே நிற்கும்!